இரண்டு கூடை கண்ணாடிக்கல்

சோலையின் மடியில் எப்போதும் அரை எலுமிச்சம்பழம் இருக்கும். பழத்தை அறுத்து, விதை நீக்கி, அறுத்த முகத்தைப் பூவரச இலையால் மூடி, இலை நழுவாமல் வாழைநாரால் ஒரு சுற்றுச் சுற்றி வைத்திருப்பான். வண்டியிலிருந்து கல் இறங்கியதும் குவியலைச் சுற்றி ஒருமுறை நடப்பான். பிறகு குந்தி உட்கார்ந்து ஏதோ ஒரு கல்லை எடுப்பான். ஒட்டியிருக்கும் செம்மண்ணை வேட்டி நுனியால் துடைத்து, ஆணியால் ஒரு கீறல் கீறி, நாரை அவிழ்த்து, கீறிய இடத்தில் ஒரே ஒரு சொட்டுப் பிழிவான். சொட்டு விழுந்த இடத்தைக் கண்ணால் பார்ப்பதில்லை. கல்லை இடது காதருகே கொண்டுபோய், வாயைச் சற்றே திறந்து, கண்ணை மூடிக்கொள்வான்.

கல் சீறினால் காளவாய்க்கு. முனகினால் அஸ்திவாரம் போடுகிறவர்களுக்கு. ஒன்றுமே பேசாமல் கிடந்தால் ரோட்டுக்கு.

வலது காது பதினாறு வயதில், பாறைக்கு வைத்த வெடியில் போய்விட்டது. மிஞ்சிய ஒரு காதில்தான் இத்தனையும். வாளையாறு ஸ்டேஷனுக்கு வடக்கே மலையடிவாரத்தில் இருந்த வெங்கிடாசலத்தின் சுண்ணாம்புக் காளவாயில், அந்த ஒரு காதுக்குத் தனி மதிப்பு இருந்தது. சோலை கையை உயர்த்தினால் வண்டிக்காரர்கள்கூடப் பேச்சை நிறுத்திக்கொள்வார்கள்.

அவன் அப்பன் கிணத்துக்கடவுப் பக்கத்திலிருந்து ரயில் பாதைக்கு ஜல்லி உடைக்க வந்தவன்; வேலை முடிந்தும் திரும்பிப் போகவில்லை. சோலை பத்து வயதில் கல் சுமந்தான். இருபது வயதில் காளவாயில் இறங்கி அடுக்க ஆரம்பித்தான். அடுக்குவதில்தான் எல்லாம் இருக்கிறது. அடியில் விறகு, அதன்மேல் ஒரு வரிசை கரி, ஒரு வரிசை கல், மறுபடி கரி, மறுபடி கல். கல்லுக்கும் கல்லுக்கும் நடுவே காற்றுப் போக வழி விட வேண்டும். அதிகம் விட்டால் சூடு ஓடிப்போகும்; விடாவிட்டால் நெருப்புக்கு மூச்சு முட்டும். சோலை அடுக்கிய காளவாயைப் பிரித்தால் வேகாத கல் ஒரு கூடை தேறாது. ஐம்பத்து மூன்றாம் வருஷம் அவனுக்கு நாற்பத்திரண்டு வயது. அதுவரை அவன் யாரையும் பார்த்துப் பொறாமைப்பட்டதில்லை. பொறாமைப்பட அங்கே ஆள் இருக்கவில்லை என்பதுதான் சரி.

சீறுகிற கல்லிலும் அவன் சேர்க்காத கல் ஒன்று உண்டு. பாறையின் வெடிப்புகளுக்குள் நரம்புபோல ஓடும் கண்ணாடிக்கல். எலுமிச்சைச் சொட்டு விழுந்தால் மற்ற எல்லாவற்றையும்விட நன்றாகச் சீறும். வெளிச்சத்தில் பிடித்தால் மறுபக்கம் தெரியும். எப்படி உடைத்தாலும் ஒருபக்கம் சாய்ந்த பெட்டி பெட்டியாகத்தான் உடையும். ஆனால் நெருப்பில் போட்டால் பொரிகடலைபோல வெடித்துச் சிதறும். சிதறின தூள் காற்று வழிகளையெல்லாம் அடைத்துவிடும். அதனால் கண்ணாடிக்கல்லைப் பொறுக்கி வேலியோரம் கொட்டிவிடுவார்கள். வெயில் நாட்களில் அந்தக் குவியலை நேராகப் பார்க்க முடியாது.

அந்தக் குவியலுக்கு ஒரே ஒரு விருந்தாளி உண்டு. கல்பாத்தியிலிருந்து யக்ஞநாராயணன். பாலக்காட்டில் ஒரு கல்லூரியில் ரசாயனம் செய்து காட்டுகிறவர். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை ரயிலேறி வந்து, குடையை மடக்கி, வேலியோரம் உட்கார்ந்து நல்ல துண்டுகளாகப் பொறுக்கிக்கொள்வார். ஒருதடவை ஒரு தாளில் பென்சிலால் கோடு போட்டு, அதன்மேல் கண்ணாடிக்கல்லை வைத்து, "பார் சோலை" என்றார். ஒரு கோடு இரண்டு கோடாகத் தெரிந்தது. சோலை கல்லைத் தூக்கிப் பார்த்தான், ஒன்று. வைத்துப் பார்த்தான், இரண்டு. அன்று அவர் போகும்போது, "உன்னோட கல்லாக்கும் எங்க காலேஜிலே அலமாரியிலே இருக்கு" என்று சொல்லிவிட்டுப் போனார். இதைச் சோலை வெளியே யாரிடமும் சொன்னதில்லை. மனைவி சுப்பாத்தாளிடம் மட்டும் நாலைந்து தடவை சொல்லியிருக்கிறான்.

அந்த வருஷம் ஆடி மாதம் சுவக்கீன் வந்து சேர்ந்தான்.

தூத்துக்குடிப் பக்கத்துக் கடற்கரையில் சுண்ணாம்புக்குக் கிளிஞ்சல் சுடுகிற குடும்பம். முப்பது வயதிருக்கும். வெங்கிடாசலம் கொச்சிக்குப் போனபோது அங்கே காயல் சேற்றில் எடுக்கிற கக்காச்சிப்பியைச் சுட்டுக்கொண்டிருந்தவனைப் பார்த்துக் கையோடு அழைத்து வந்துவிட்டார். பின்னாலேயே ரயிலில் சிப்பி வந்தது, மூட்டை மூட்டையாக, சேற்று நாற்றத்தோடு. பெரிய காளவாய்க்கு இருபது அடி தள்ளிச் சின்னதாக ஒரு காளவாய் எழும்பியது. கையால் சுற்றுகிற காற்றாடித் துருத்தி வைத்தது. காலையில் பற்ற வைத்தால் மாலையில் பிரித்துவிடலாம். சோலையின் காளவாய் வேக மூன்று நாள்.

முதல் சுண்ணாம்பு தண்ணீரில் நீறியபோது எல்லோரும் போய்ப் பார்த்தார்கள். சோலை போகவில்லை. இருபது அடி தூரத்திலிருந்தே தெரிந்தது. சோலையின் சுண்ணாம்பும் வெள்ளைதான். ஆனால் இதற்குப் பக்கத்தில் வைத்தால் அது பழுத்த வெள்ளை.

"பாலுங்க, பால்" என்றார் வெங்கிடாசலம் யாரிடமோ. அன்றிலிருந்து காலைத் தேநீரை அவர் சின்னக் காளவாய்ப் பக்கம் நின்று குடிக்க ஆரம்பித்தார். இருபது வருஷமாகப் பெரிய காளவாய்ப் பக்கம் நின்று குடித்தவர்.

சுவக்கீன் நல்லவனாக இருந்தது இன்னொரு தொல்லை. கெட்டவனாக இருந்திருந்தால் சோலைக்கு வேலை மிச்சம். "அண்ணாச்சி, தீப்பெட்டி இருக்கா?", "அண்ணாச்சி, சாப்புட்டாச்சா?" என்று நாளைக்குப் பத்து அண்ணாச்சி. சோலை ஒவ்வொரு அண்ணாச்சியையும் இடது காதில் வாங்கி, அதில் கேலி எங்கே இருக்கிறது என்று தேடுவான். சீறவும் இல்லை, முனகவும் இல்லை. சுத்தமான அண்ணாச்சி. அதுவே இன்னும் எரிச்சல் மூட்டியது.

ஒருநாள் மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு சுப்பாத்தாள் வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவிக்கொண்டிருந்தாள். அவளும் அதே காளவாயில் சல்லடை போடுகிறவள். நாக்கு கூர்மை, ஆனால் புருஷனிடம் எப்போதும் மரியாதைதான். அந்த மரியாதையைத்தான் சோலையால் தாங்க முடியாது.

டப்பியைப் பார்த்தான். அவன் வீட்டு டப்பிதான். உள்ளே இருந்தது அவன் சுண்ணாம்பு அல்ல.

"இது ஏது?"

"ஏனுங்க, சுண்ணாம்புங்க."

"சுண்ணாம்புன்னு எனக்குத் தெரியாதா? ஆரு குடுத்தது?"

"கக்காச் சுண்ணாம்புங்க. சல்லடையில ஒட்டீட்டு இருந்துது, வழிச்சு எடுத்தாந்தேன். வாய் வேகறதில்லீங்க இதுக்கு."

"இத்தன வருசமா வெந்துதாக்கும்?"

"வேகாம? நாக்குத் தோலு உரிஞ்சு எத்தன நாளு கஞ்சி மட்டுமே குடிச்சிருக்கறேன். சொன்னா உங்களுக்கு வெசனமாப் போகும்னு உட்டுட்டேனுங்க."

வெற்றிலையை மடித்து வாயில் போட்டுக்கொண்டு அவள் எழுந்து போனாள். பதினெட்டு வருஷம் தன் சுண்ணாம்பு தன் பெண்டாட்டியின் நாக்கைச் சுட்டிருக்கிறது என்பதைவிட, அதை அவள் சொல்லாமல் இருந்தாள் என்பதைவிட, இன்னொருவன் வந்துதான் அது தெரியவந்தது என்பதுதான் சோலையைத் தைத்தது. அன்று சாயங்காலம் அவள் பேசும்போதெல்லாம் உதட்டோரத்துச் சிவப்பையே பார்த்துக்கொண்டிருந்தான். இதுவரை இல்லாத சிவப்பு என்று பட்டது.

ஆவணியில் யக்ஞநாராயணன் வந்தார். சோலை காலையிலேயே குவியலிலிருந்து நல்ல துண்டுகளாக ஒரு கூடை பொறுக்கி வைத்திருந்தான். அவர் கூடையைப் பார்த்தார், சந்தோஷப்பட்டார். பிறகு தலை நிமிர்ந்தது.

"அதென்ன, சிப்பியா? எப்போ வந்தது?"

குடையை அங்கேயே போட்டுவிட்டுச் சின்னக் காளவாய்க்குப் போய்விட்டார். சோலை குடையை எடுத்துக்கொண்டு பின்னால் போக வேண்டியிருந்தது. சுவக்கீன் ஒரு மூட்டையைக் குடைந்து முழுசாக இருக்கும் சிப்பியாகத் தேடித் தேடி அவர் கையில் கொடுத்துக்கொண்டிருந்தான்.

"கேட்டயா சோலை, ரெண்டும் ஒரே வஸ்துவாக்கும். உன் கல்லும் இந்தச் சிப்பியும்."

"அதெப்படிங்க சாமி? அது மலையில கெடக்கறது. இது சேத்துல கெடக்கறது."

"எங்கே கெடந்தா என்ன? சரக்கு ஒண்ணு, அடுக்குத்தான் வேற. நீ காளவாயிலே அடுக்கறயோன்னோ, அதுபோல உள்ளே கண்ணுக்குத் தெரியாமே அடுக்கியிருக்கு. உன் கல்லிலே கொஞ்சம் விட்டு அடுக்கியிருக்கு. இதிலே நெருக்கி அடுக்கியிருக்கு. உன்னோடதுக்குப் பேர் கால்சைட். இவனோடதுக்கு அரகோனைட்."

சுவக்கீன் சிரித்தான். "அப்போ நானும் அண்ணாச்சியும் ஒரே சாதிங்கியளா?"

"ஒரே சாதி, ரெண்டு கட்சி" என்றார் அவர். அவருக்கு உற்சாகம் வந்துவிட்டது. "ஒவ்வொண்ணும் ஒரு கட்சியிலே இருக்கு. முத்து இருக்கே, அது இவன் கட்சி. மழைக்கு வேலியிலே ஏறற நத்தை, அதோட ஓடும் இவன் கட்சி."

"என் கட்சியில ஆருங்க சாமி?"

அவர் சிறிது யோசித்தார். "கோழிமுட்டை ஓடு."

சல்லடை போட்டுக்கொண்டிருந்த பெண்களிடமிருந்து சிரிப்பு வந்தது. சுப்பாத்தாளின் சிரிப்பு அதில் தனியாகக் கேட்டது. முத்து அவனுக்கு, முட்டை எனக்கு. கல்பாத்திக்காரர் திரும்பும்போது பையில் ஒரு பக்கம் கண்ணாடிக்கல்லும் ஒரு பக்கம் சிப்பியுமாக எடுத்துப் போனார். ஒரே அலமாரிக்கு.

அதன்பின் சில நாள் சோலை தெருவில் மேயும் கோழிகளை ஒரு மாதிரி உறவோடு பார்த்தான். மழை பெய்து வேலியில் நத்தை ஏறியபோது, யாரும் பார்க்கவில்லை என்று உறுதி செய்துகொண்டு அதைச் சுண்டி எறிந்தான்.

புரட்டாசிக் கடைசியில் வெங்கிடாசலம் இருவரையும் கூப்பிட்டார். மூன்றாவதாக ஒரு காளவாய் கட்டப்போகிறார். அதன் பிறகு எல்லாம் ஒரு மேஸ்திரியின் பொறுப்பு. மற்றவன் அவன் சொன்னபடி கேட்க வேண்டும். மேஸ்திரிக்குக் கிணற்றடி ஓட்டு வீடு.

"நானே ஒருத்தனச் சொல்லீட்டா நாளைக்கு எம்மேல பேச்சு வரும். வர்ற ஞாயித்துக்கெழம ரெண்டு பேரும் பத்த வெய்ங்க. ரெண்டயும் நீத்திப் பாக்கலாம். எவனது மண்டி கொறச்சலோ அவன் மேஸ்திரி."

மண்டி பார்ப்பது அந்த ஊர் வழக்கம். ஒரே அளவு சுண்ணாம்பை ஒரே அளவு தண்ணீரில் நீற்றி, பழைய வேட்டித் துணியில் வடிகட்டுவார்கள். வேகாத கல்லும் பொடியும் துணியில் தங்கும். அதுதான் மண்டி. அதை உள்ளங்கையில் ஏந்திப் பார்த்துவிட்டால் அப்பீல் கிடையாது.

சோலைக்குத் தன் மண்டியின் அளவு தெரியும்: ஒரு சிறங்கை, கைக்குழி நிறைய. சுவக்கீனின் மண்டியையும் பார்த்திருக்கிறான். வடித்த துணியை உதறினால் ஒன்றும் விழாது.

சனிக்கிழமை சாயங்காலம் சுவக்கீன் தன் காளவாயை அடுக்கி முடித்தான். கரி, சிப்பி, கரி, சிப்பி. மேல் வரிசையைக் கையால் நிரவி, அதன்மேல் சாம்பலால் ஒரு சிறிய சிலுவை போட்டான். எப்போதும் போடுவதுதான். ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணி வண்டியில் பாலக்காட்டுக்குப் பூசைக்குப் போய்விட்டு, பத்து மணிக்கு வந்து பற்ற வைப்பதாகச் சொன்னான். பெண்கள் அன்று கஞ்சிக்கோட்டுச் சந்தைக்குப் போய் ஒன்பதரைக்குத்தான் திரும்புவார்கள்.

ஏழேகாலுக்குச் சோலை வேலியோரம் நின்றுகொண்டிருந்தான். வண்டி போன புகை இன்னும் புளியமரத்தில் தங்கியிருந்தது. கூடையில் கண்ணாடிக்கல்லை அள்ளும்போதுகூட அதைச் செய்யப்போகிறோம் என்று அவன் தனக்குச் சொல்லிக்கொள்ளவில்லை. சும்மா குவியலை ஒதுக்குவதாகத்தான் நினைத்துக்கொண்டான். இரண்டாவது கூடை நிறைந்தபோது அந்த நினைப்பும் நின்றுபோனது.

சின்னக் காளவாயின் ஒரு பக்கத்தைப் பிரித்தான். சிப்பிகள் காது கேட்கிற பக்கம் கலகலவென்று சரிந்தன. துருத்தியின் காற்று நுழையும் வாய்க்கு நேர் மேலே, கரி வரிசைமேல், கண்ணாடிக்கல்லை வைக்க ஆரம்பித்தான். நாலு கல் வைத்ததும் நிறுத்திப் பார்த்தான். பழக்க தோஷம். கல்லுக்கும் கல்லுக்கும் நடுவே காற்றுப் போக வழி விட்டு அடுக்கிக்கொண்டிருந்தான். தன்மேலேயே கோபம் வந்து எல்லாவற்றையும் நெருக்கித் தள்ளினான். கை கேட்கவில்லை. ஐந்தாவது கல் மறுபடி வழி விட்டு உட்கார்ந்தது. இரண்டு கூடைக் கல்லையும் தன் கையோடு சண்டை போட்டுக்கொண்டே வைத்து முடித்தான். மேலே சிப்பியை இழுத்து மூடினான், நிரவினான். சிலுவை கலைந்திருந்தது. சாம்பல் எடுத்து அதையும் போட்டான். முதலில் போட்டது கோணலாக வந்தது. அழித்துவிட்டு இன்னொரு தடவை போட்டான்.

பத்து மணிக்குச் சுவக்கீன் வந்தான். வெள்ளைச் சட்டையைக் கழற்றி மரத்தில் மாட்டினான். பற்ற வைக்கக் குனிந்தவன் சிலுவையைப் பார்த்தான். கொஞ்ச நேரம் பார்த்தான். பிறகு நெற்றியிலும் நெஞ்சிலும் குறியிட்டுக்கொண்டு தீ வைத்து, துருத்தியைச் சுற்ற ஆரம்பித்தான்.

அரை மணி நேரம் ஒன்றும் இல்லை. பிறகு ஒரு வெடி. விரலைச் சொடுக்கினாற்போல. இன்னொன்று. பிறகு அடுப்பில் சோளம் பொரிவதுபோல நிற்காமல் தொடங்கியது. அந்தச் சத்தம் கல் சுடுகிற ஊரில் எல்லோருக்கும் தெரியும். கடற்கரைக்காரனுக்கு மட்டும் தெரியாது. பெண்களின் சல்லடைகள் ஒவ்வொன்றாக நின்றன. சுப்பாத்தாள் தலை நிமிர்ந்து சத்தம் வந்த பக்கம் பார்க்காமல், நேராகப் புருஷனைப் பார்த்தாள். பிறகு குனிந்து சல்லடையை ஆட்டத் தொடங்கினாள். மற்றவர்களும் ஆட்டினார்கள்.

சோலை தன் காளவாய்க்கு முன்னால் உட்கார்ந்து ஒவ்வொரு வெடியையும் கேட்டான். இடது காதைப் பொத்திக்கொள்ள ஒருதடவை கை உயர்ந்தது. பொத்தவில்லை. அவன் பொரித்துக்கொண்டிருந்தது என்ன என்று அவன் காதுக்குத்தான் தெரியும். எல்லாவற்றையும்விட நன்றாகச் சீறுகிற கல்.

"என்னன்னே தெரியலியே அண்ணாச்சி" என்றான் சுவக்கீன், வேர்த்து வழிய. "காத்து உள்ள போகமாட்டேங்கு. கம்பியை வுட்டுக் குத்துனா சரசரன்னு மணலா வருது."

"சிப்பி ஈரமா இருந்திருக்கும்" என்றான் சோலை.

மாலைக்குள் நெருப்பு தானாகச் செத்துவிட்டது. புதன்கிழமை சோலையின் காளவாயும் பிரிந்த பிறகு மண்டி பார்த்தார்கள். சோலையின் மண்டி ஒரு சிறங்கை. சுவக்கீனின் துணியில் அள்ள அள்ள வந்தது. பாதி வெந்த சிப்பி, கரித்தூள், நறநறவென்று ஒரு வெள்ளைப் பொடி. வெங்கிடாசலம் அதை விரலால் தேய்த்துப் பார்த்து முகம் சுளித்தார்.

"என்னப்பா இது, சேத்துமண்ணாட்ட இருக்குது?"

சுவக்கீன் துணியைக் கிளறி வெடிக்காமல் தப்பியிருந்த ஒரு துண்டை எடுத்தான். சுண்டுவிரல் நகம் அளவு, சாய்ந்த பெட்டி. அதை நேராகச் சோலையிடம் கொண்டுவந்து நீட்டினான்.

"கல்லைப்பத்தி அண்ணாச்சிக்குத்தான் தெரியும். இது என்ன கல்லு? கேட்டுச் சொல்லுங்க."

எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். சோலை நாரை அவிழ்த்தான். கல்லைக் கீறினான். ஒரு சொட்டு. கல்லைக் காதில் வைத்துக் கண்ணை மூடிக்கொண்டான். மற்ற நாளைவிட நெடுநேரம் மூடியிருந்தான் என்று பெண்கள் பிறகு பேசிக்கொண்டார்கள்.

"சிப்பியோட வந்திருக்கும். கடல் கல்லு" என்றான்.

"எங்க கடல்ல இப்பிடி ஒரு கல்லு நான் கண்டதில்ல அண்ணாச்சி."

"உங்க கடல்ல இல்லாட்டி கொச்சிக் கடல்ல இருக்கும்."

"இருக்கலாம். கடல் பெருசுல்லா" என்றான் சுவக்கீன். கல்லை வாங்கிக்கொண்டு போய்விட்டான்.

அன்று சாயங்காலம் வெங்கிடாசலம் சோலையைத் தனியே கூப்பிட்டு ஓட்டு வீட்டுச் சாவியைக் கொடுத்தார். "மேஸ்திரி, அந்தச் சிப்பிக்காரன அனுப்பிச்சரலாமுன்னு பாக்கறேன். பாலக்காட்டுல இன்னொருத்தன் காளவாய் போடறானாமா, அங்க போயிப் பொழச்சுக்கட்டும்."

இதற்காகத்தானே இத்தனையும். 'சரிங்க' என்ற சொல் சோலையின் நாக்கு வரைக்கும் வந்துவிட்டது. அப்போது ஒரு காட்சி கண்ணில் ஓடியது. பாலக்காட்டில் எங்கோ ஒரு முற்றம்; அங்கே வேறொரு முதலாளி தேநீர்க் குவளையோடு நின்று 'பால், பால்' என்கிறார்; பெண்கள் சிரிக்கிறார்கள்; துணியை உதறினால் ஒன்றும் விழவில்லை. சோலை அங்கே இல்லை. என்ன நடக்கிறது என்று அவனுக்குத் தெரியாது. கேட்கவும் கேட்காது.

"இருக்கட்டுங்க" என்றான்.

"ஏப்பா?"

"இங்கயே இருக்கட்டுங்க மொதலாளி. நான் பாத்துக்கறேன்."

வெங்கிடாசலம் அவனை வேறு கண்ணால் பார்த்தார். ஜெயித்தவன் தோற்றவனுக்காகப் பேசுகிறான். மறுநாள் ஸ்டேஷன் வரைக்கும் அந்தப் பேச்சுப் போயிற்று. சோலை மேஸ்திரியின் மனசு யாருக்கு வரும் என்று. சுவக்கீன் வந்து, "பெரிய உபகாரம் அண்ணாச்சி" என்று கையெடுத்துக் கும்பிட்டான். அந்த அண்ணாச்சியிலும் சோலை தேடினான்.

சுப்பாத்தாள் ஓட்டு வீட்டில் பாத்திரங்களை இறக்கி வைத்து, தரையைக் கூட்டி, விளக்கு மாடத்தைத் துடைத்து முடித்த பிறகு கேட்டாள்.

"ஏனுங்க, ரெண்டு கூடைங்களா, மூணு கூடைங்களா?"

சோலை வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"குவியல்ல கொறஞ்சிருந்துச்சு, அதுக்குக் கேட்டனுங்க" என்றாள். பிறகு டப்பியைத் திறந்து வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவிக்கொண்டாள். கக்காச் சுண்ணாம்பு. அதை அவள் கடைசிவரை மாற்றவில்லை.

மேஸ்திரி ஆனதும் சின்னக் காளவாயும் சோலையின் பொறுப்பாயிற்று. ஒருதடவை சுவக்கீனைத் தள்ளி நிற்கச் சொல்லித் தானே சிப்பியை அடுக்கினான். கல்லுக்கு விடுகிற வழி விட்டு அடுக்கினான். சிப்பி பாதி கருகி, பாதி பச்சையாக வந்தது. அதற்குப் பிறகு அடுக்கச் சொல்லிவிட்டுப் பக்கத்தில் நிற்பதோடு சரி. வருஷக்கணக்கில், தினமும் அந்தக் கைகளைப் பார்த்துக்கொண்டு நின்றான். எங்கே நெருக்குகிறான், எங்கே விடுகிறான் என்பது பார்க்கும்போது தெரியும். தன் கை போட்டால் வராது. வெளியூரிலிருந்து வருகிறவர்கள் "சுண்ணாம்பு ஆருதுங்க?" என்று கேட்டால், "சோலை மேஸ்திரிதுங்க" என்பார்கள். அதைச் சுவக்கீனும் சொல்வான். அப்போதெல்லாம் சோலைக்குத் தன் பேரைச் சொல்லும்போதுகூட அவன் குரலில் பொறாமை இல்லையே என்று பொறாமை.

மாநிலம் பிரிந்து மூன்று மைலுக்கு அப்பால் எல்லைக்கோடு விழுந்த வருஷம், ஒரு மழைக்காலக் காலையில், சிப்பி மூட்டைகளுக்கு நடுவே யாரும் இல்லாதபோது சோலை உட்கார்ந்தான். ஒரு சிப்பியை எடுத்து, துடைத்து, உள்பக்கத்தைக் கீறி, ஒரு சொட்டுப் பிழிந்தான். காதில் வைத்துக் கண்ணை மூடிக்கொண்டான். அப்புறம் கீழே கிடந்த தன் கல் ஒன்றைக் கீறி அதையும் கேட்டான். மறுபடி சிப்பி. மறுபடி கல். முப்பது வருஷமாக ஊமையையும் முனகலையும் பிரித்துச் சொன்ன காது. இரண்டு சீறலுக்கும் நடுவே ஒரு மயிரிழை வித்தியாசம் கேட்டால் போதும், அதைப் பிடித்துக்கொண்டு மிச்ச நாளைக் கழித்துவிடலாம் என்று இருந்தது அவனுக்கு. பழம் வற்றும்வரை கேட்டான்.

அவன் எப்படிக் கேட்டிருந்தாலும் அது அகப்பட்டிருக்காது. பச்சைச் சிப்பியிலும் கல்லிலும் சீறுவது ஒன்றுதான். அதை யக்ஞநாராயணன் அன்றைக்கே சொல்லிவிட்டார். அவர் சொல்லாத ஒன்று, இதையெல்லாம் கேட்டறிந்து எழுதி முடித்து வெகுநாள் கழித்து ஒரு ரசாயனப் புத்தகத்தில் எனக்குக் கிடைத்தது. சிப்பி நெருப்பில் நேராகச் சுண்ணாம்பு ஆவதில்லை. சுண்ணாம்பாக வேண்டிய சூட்டில் பாதிகூட ஏறுவதற்குள், அதன் நெருக்கமான அடுக்குக் குலைந்து, கல்லின் அடுக்குக்கு மாறிவிடுகிறது. அதன் பிறகுதான், கல்லாக இருந்துகொண்டுதான், அது வேகிறது. சுவக்கீனின் காளவாயில் ஒவ்வொரு நாளும், பற்ற வைத்துச் சில மணி நேரத்துக்குள், உள்ளே இருந்ததெல்லாம் சோலையின் கல்.